எழுத்துக் கூலி

டவுன்ஹால் ரோட்டில் கோப்பை விற்கிறேன்.
விற்பது பித்தளை,
பிழைப்பு என்னவோ அதில் வெட்டும் பெயரில்தான்.
எழுத்துக்கு மூன்று ரூபாய்.
கொம்புக்கும் காலுக்கும் தனிக்கூலி கிடையாது.
புள்ளிக்குக் காசே இல்லை.

காலையில் வந்தவர்
வடகரைக் கல்லூரி பி.டி. மாஸ்டர் மச்சக்காளை.
பொன்விழாவாம்.
கண்ணாடி அலமாரியில் தொண்ணூற்றொன்றாம் வருசத்து இடம் மட்டும்
பல் விழுந்த மாதிரி இருக்கிறதாம்.
"கால்பந்து சாம்பியன் 1991னு போடுப்பா.
பழசு எங்கயோ தவறிப்போச்சு."
தவறவில்லை.
அவர்கள் கைக்கு அது வரவே இல்லை.

நான் சோற்றில் கை வைத்த நேரம்
தென்கரைக் கல்லூரி பழைய மாணவர்கள்,
மூன்று பேர், ஒரே ஸ்கூட்டர்.
அதே உயரம், அதே வருசம், அதே வார்த்தை.
நடுவில் உட்கார்ந்து வந்தவர் துளசிராம், அன்றைய கோல்கீப்பர்.
இன்றும் கடைப்படி ஏறும்போது
இடது தோளை முன்னால் விட்டுத்தான் ஏறுகிறார்.

இரண்டையும் வெட்டினேன்.
பித்தளை மறுத்துப் பேசாது.

ரேஸ்கோர்ஸ் மைதானம், மாசி மாதம், ஒன்றுக்கு ஒன்று.
முடிய இரண்டு நிமிடம் இருக்கையில்
மச்சக்காளை அடித்த பந்து
புழுதிக்குள் போனது.
கோட்டைத் தாண்டியதா என்றால்
கிழக்கே உட்கார்ந்தவனுக்குத் தாண்டியது,
மேற்கே உட்கார்ந்தவனுக்குத் தாண்டவில்லை.
ரெஃப்ரி ஊதினார்.
கோலுக்கு ஊதினாரா, இருட்டுக்கு ஊதினாரா?

கோலுக்கு என்றது பல்கலைக்கழகக் குழு.
வடகரைக்குக் கடிதம், முத்திரையுடன்.
இருட்டுக்கு என்றது கால்பந்துச் சங்கம்.
மறு ஆட்டம் வைத்தது.
ஜெயித்தவன் எதற்கு மறுபடி ஆட வேண்டும் என்று வடகரை வரவில்லை.
ஆளில்லாத எதிர்க்கோலைப் பார்த்தபடி
அரைமணி நேரம் நின்றது தென்கரை.
அதற்கும் ஒரு கடிதம், அதற்கும் ஒரு முத்திரை.
அசல் கோப்பை
ஏதோ ஒரு ஆபீஸ் பீரோவில் பூட்டியபடி
சாவியோடு ரிட்டயர் ஆகிவிட்டது.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி
ஜெராக்ஸ் போடுகிறார் சவுரிமுத்து அண்ணன்.
அவர்தான் அந்த ரெஃப்ரி.
இரு தரப்பும் தங்கள் ஆதாரத்தை
அவரிடமே நகல் எடுக்கிறார்கள்.
தாளை நேராக வைத்து மூடுவார்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

ஒருநாள் டீ குடிக்கையில் கேட்டேன்,
எதுக்குண்ணே ஊதுனீங்க?
சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"புழுதி தொண்டைக்குள்ள போச்சுடா.
இருமினேன்.
விசில் வாயில இருந்துச்சு."

போன வாரம் மூன்றாவதாக ஒருவர்.
உசிலம்பட்டிப் பக்கத்துக் கல்லூரி, பெயர் ஒச்சப்பன்.
கோடு போட்ட தாளில் கணக்கு:
லீக்கில் இரண்டு பேரையும் அடித்தோம்,
அரையிறுதியில் டாஸில்தான் போனோம்,
புள்ளி பார்த்தால் நாங்கதானே?
புள்ளிக்குக் காசில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.
சின்னக் கோப்பைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

நானும் சொல்லிப் பார்த்தேன்.
சாம்பியனுக்கு முன்னால் 'இணை' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்,
இரண்டே எழுத்து, ஆறு ரூபாய், வேண்டாம், சும்மாவே வெட்டித் தருகிறேன்.
துளசிராம் பதில் சொல்லாமல்
என் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மச்சக்காளைக்கு முகம் சிவந்துவிட்டது:
"இணைங்கிறது உழவு மாட்டுக்குச் சொல்றதுப்பா."
அந்தப் பெயரை வைத்துக்கொண்டு
அதைச் சொன்னார்.
சிரிப்பை அடக்கப்போய்
'ஒ'வின் சுழி சற்று இழுத்துவிட்டது
ஒச்சப்பன் கோப்பையில்.

மூன்றும் மேல்தட்டில் நிற்கின்றன, துணி போர்த்தி.
மூவரையும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.
வேண்டுமென்றுதான்.
சவுரிமுத்து அண்ணனும் வருவார்.
அந்த இருமல் இன்னும் விடவில்லை அவருக்கு.