புள்ளிவிவரம்

ஆத்தூர் சேகோ ஆலை வாசலில்
ஏழாவது டிராக்டர் அர்த்தநாரியுடையது.
கிழங்கைத் தண்ணீருக்குள் எடை பார்த்துவிட்டு
"இருபத்தாறு பாயிண்ட்" என்றான் பையன்.
"போன வாரம் இதே காட்டுக் கிழங்கு
இருபத்தெட்டு காட்டுச்சே?"
"நடுவுல மழை பேஞ்சிருச்சுங்க."

மாவட்டக் கையேட்டுக்கு எண் பொறுக்க வந்தவன் நான்.
மரவள்ளி: பரப்பு, விளைச்சல், சராசரி விலை.

எங்கள் ஆபீஸ் பீரோவில் ஒரு பழைய வரைபடம்.
அதில் சேலம் ஓசூர் தாண்டிப் போகும்.
தருமபுரியை ஒருமுறை, நாமக்கல்லை ஒருமுறை
கிள்ளிக் கொடுத்தபின்
மிஞ்சியதை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆறுகள் என்ற பத்தியில் வசிஷ்ட நதி உண்டு,
நீளத்தோடு.
பாலத்தடியில் புளித்து நாறும் வெள்ளை நுரைக்குப்
பத்தி இல்லை.

மேற்கே சேர்வராயன் மலைமேல்
மேகம், இன்றைக்கு யார் காடு என்று
யோசிப்பதுபோல் நின்றது.
மழையளவு: இயல்பு என்று எழுதினேன்.

அர்த்தநாரி உள்ளங்கையில் பேனாவால்
ஐந்து டன்னை இரண்டு பாயிண்ட்டால் பெருக்கினார்.
வியர்வையில் விடை அழிந்தது.
திரும்பப் போட்டார்.
"சார், இந்த ரெண்டை எங்கியாச்சும் ஏத்துவீங்களா?"

குறிப்பு என்ற கட்டம்
சுண்டுவிரல் அகலம்.
அதில் ஒரு புள்ளி வைத்தேன்,
பேனா கசிந்ததென்று
மேலதிகாரி நினைத்துக்கொள்ளட்டும்.