இரும்புப்பெட்டி உட்பட

நெற்றியில் 1888 என்று பதித்த கட்டடம்.
கடைசி எட்டு ஒரு பனிக்காலத்தில் கழன்று விழுந்தது.
இப்போது 188.
ரோமாபுரிக் காலத்துக் கடை என்று
பள்ளிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவார்கள்.
நெப்ராஸ்காவில், தானியக் கிடங்குகளுக்குக் கீழே,
எங்கள் கடைத்தெருவின் மூலையில்.

கட்டியவன் ஒட்டோகர் நெமெச்செக்,
பொஹீமியாவிலிருந்து வந்து ஆணி விற்றவன்.
மரக்கடைகள் வரிசையாய் எரிந்த இரவில்
காலி வாளியோடு நின்றவன்.
அதன்பின் மரத்தை நம்பவில்லை. வங்கியையும்.
மேல்தளத்துக்கு உத்தரம் போட்ட அன்றே
எட்டுக் குதிரைகள் இழுத்துவந்த இரும்புப்பெட்டியை
வடம் கட்டி ஏற்றினான்,
பிறகுதான் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினான்.
கதவைவிடப் பெட்டி ஒரு முழம் அகலம்.
திறக்கும் எண்களை ஒருவருக்கும் சொல்லாமல்
திருகாணி எண்ணிக்கொண்டிருக்கையில் செத்துப்போனான்.

மகள்கள் விற்றார்கள்.
கட்டடம், பின்சந்து, நிலக்கரி அறை,
இரும்புப்பெட்டி உட்பட
என்று எழுதியிருக்கிறது கிரயப் பத்திரம்.
அடுத்ததிலும் அந்த வரி. அதற்கு அடுத்ததிலும்.

செருப்புக்கடைக்காரர் கீழே இருந்தார்.
மேலே பல் மருத்துவர் ஹல்டா க்ரோஸ்பெக்
பெட்டிமேல் ஜெரேனியம் தொட்டி வைத்தாள்.
மயக்கமருந்துக்குக் காசில்லாதவர்கள்
பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
வாய் திறப்பார்களாம்.
உடலெல்லாம் துரு;
கைப்பிடி மட்டும் இன்றும் பளபளக்கிறது.

எதிர்ச்சாரி வங்கி மூடிய வருடம்
ஊரே தெருவில் நின்று
அந்த மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தது.
ஒமாஹாவிலிருந்து பூட்டுக்காரன் வந்தான்.
பகல் முழுக்கப் பெட்டியில் காதை வைத்திருந்தான்,
மூன்று சாண்ட்விச் தின்றான்,
உள்ளே மழை பெய்கிறது என்று சொல்லிவிட்டு
ரயிலேறிப் போனான்.

பிறகு நாகரிகம் வந்து
முகப்பை அலுமினியத் தகட்டால் மூடியது.
தகட்டுக்குப் பின்னால் புறாக்கள் குடியேறின.
பிறகு புறவழிச்சாலை.
பிறகு புறாக்கள் மட்டும்.

இடித்துவிடலாம் என்று நகர்மன்றம் கூடியது.
ஒப்பந்தக்காரர் கணக்குக் கொடுத்தார்:
பெட்டியை இறக்க மட்டும் ஒன்பதாயிரம் டாலர்.
கட்டடத்தின் மதிப்போ ஏழாயிரம்.
கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.
இருபத்தாறு வருடமாக ஒத்திவைத்தபடியே இருக்கிறது.
வரலாற்றுச் சின்னம் என்ற பித்தளைத் தகடு
அப்புறம் வந்த மரியாதை.

போன மாதம் வரி பாக்கி ஏலத்தில் எடுத்தவள்
யூலாலியா இஷ்கோய்.
பதினொரு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில்
இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணம்.
கீழே ரொட்டி அடுப்பு.
அதன் புகைக்கூண்டு பெட்டியின் முதுகை உரசிப் போகிறது.
விடியும் வரை மாவு அதன்மேல் உப்பும்.

பத்திரம் தட்டச்சு செய்பவன் நான்.
பழைய வரிக்கு வந்ததும் விரலை நிறுத்தி
திறந்து பார்க்கப் போகிறீர்களா என்றேன்.

அவள் கேட்டாள்:
இதற்குத் தனி வரி உண்டா?

இல்லை.

அப்படியானால் எழுதுங்கள்.