ஐம்பத்தொரு பவுண்டு

கொசுவுக்கு விலை கேட்கத் தெரியாது.
தெரிந்திருந்தால் இந்த ஊரை
எப்போதோ விட்டுப் போயிருக்கும்.

லூசியானாவின் தென்கோடி.
நிலமா நீரா என்று
இன்னும் முடிவெடுக்காத இடம்.
மாதத்தில் ஒரு சனிக்கிழமை
தேவாலயத்துக் கார் நிறுத்தத்தில்
பழைய பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நிற்கும்.
அதுதான் எங்கள் நாய் ஆஸ்பத்திரி.
டாக்டர் உள்ளே.
நான் வெளியே, எடை மேடைக்குப் பக்கத்தில்,
மடக்கு நாற்காலியில்.
சம்பளம் இல்லை. மதியம் ஒரு சாண்ட்விச் உண்டு.

விலை அட்டை என் கையெழுத்து:
ரத்தச் சோதனை பத்து டாலர்.
ஆறு மாத மாத்திரை,
இருபத்தைந்து பவுண்டு வரை இருபது,
ஐம்பது வரை இருபத்தெட்டு,
ஐம்பதைத் தாண்டினால் முப்பத்தாறு.
புழு ஏறிய பிறகு வந்தால் எவ்வளவு
என்ற வரியை எழுதவில்லை.
அந்தக் காசுக்கு இங்கே
பழைய படகு எஞ்சின் வாங்கலாம்.

கேட்பவர்களுக்கு வாயால் சொல்வேன்.
வெந்த சேமியா போல இதயத்துக்குள் கிடக்கும்.
ஊசி போட்டால் சாகும்.
செத்தது போய் நுரையீரலை அடைக்காமலிருக்க
நாய் மாதக்கணக்கில் ஓடக் கூடாது,
குதிக்கக் கூடாது,
நீங்கள் வேலை முடிந்து வரும்போது
சந்தோஷப்படக் கூடாது.
இந்தக் கடைசி வரிக்குத்தான்
பணப்பைகள் திறக்கும்.

இன்று டெல்ஃபின் நாக்கின் வந்தாள்.
நண்டு ஆலையில் வேலை. விரலெல்லாம் பிளாஸ்திரி.
நாயின் பெயர் நிக்கல்;
ஐந்து சென்ட் கொடுத்து வாங்கியதாம்,
அதிலும் பேரம் பேசியிருக்கலாம் என்கிறாள்.
சட்டைப் பையில் குதிரைக்கான மருந்துப் பசை.
"கடுகளவு கொடுத்தால் போதும் என்கிறான் மைத்துனன்."
"குதிரைக்குக் கடுகு நாய்க்கு மலை.
அவன் நாய் எப்படி இருக்கிறது?"
பதில் சொல்லாமல்
குழாயை என் குப்பைக் கூடையில் போட்டாள்.

எண்ணி வைத்தாள் முப்பத்தெட்டு டாலர்.
போன வருட எடையில் போட்ட கணக்கு.
மேடை காட்டியது: ஐம்பத்தொன்று.

எட்டு டாலர் என்பது
வரிசையில் பத்துப் பேர் பின்னால் நிற்கும்போது
எவ்வளவு பெரிய தொகை தெரியுமா?
அவள் நாயைப் பார்க்கவில்லை,
அட்டையைப் பார்த்தாள்,
என் கையெழுத்தை.

அப்போதுதான் என் கண்ணில் பட்டது:
கழுத்தில் இறால் படகின் இரும்புச் சங்கிலி,
துருப்பிடித்த பூட்டோடு.
"புயலில் வேலி போனது. சாவியும் போனது."
பின்னால் நின்ற அல்சீட் கிழவன்
தன் டிரக்கிலிருந்து வெட்டுக் கத்தரி கொண்டுவந்தான்.
இரண்டு கடி. மூன்றாவதில் விட்டது.
நாய் தலையை உதறியது,
காதுகள் இப்போதுதான் முளைத்ததைப் போல.
நாற்பத்தெட்டரை.
நான் சத்தமாகவே வாசித்தேன்.

சோதனைக்குப் பத்து நிமிடம்.
அவள் மூச்சை எண்ணியிருப்பாள்;
நான் அவள் பிளாஸ்திரிகளை எண்ணினேன்.
ஒரே கோடு. புழு இல்லை.

"மாதாமாதம் ஒன்றாம் தேதி,
வாடகை கொடுக்கும் நாளில் கொடுங்கள், மறக்காது."
"வாடகையை மறக்க விட்டால்தானே" என்றாள்.

இது பின்னோக்கி வேலை செய்யும் மருந்து.
போன மாதம் கடித்ததை
இந்த மாத மாத்திரை கொல்லும்.
அதற்கும் பின்னால் அதற்குக் கை எட்டாது.

அந்தப் புயல் வருடம் நானும்
தொடர்ந்து ஐந்து மாதம் விட்டுவிட்டேன்.
மிச்சம் பிடித்த காசில் என்ன வாங்கினேன்
என்று யோசித்துப் பார்க்கிறேன்.
நினைவில்லை.
நாயின் பெயர் பிஸ்தா.

மாலையில் பேருந்து கிளம்பியது.
சங்கிலி என் மேசையடியில் கிடக்கிறது.
தூக்கிப் பார்த்தேன், கனம்.
மணிக்கட்டில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது.
அடித்தேன். தப்பித்துவிட்டது.