பொருள் எண் 41

மாமன்றக் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
வடிகால், கொசு மருந்து, ஒரு கழிப்பறையின் பூட்டு.
பிறகு பொருள் எண் 41:
மாநகராட்சிப் பள்ளியிலோ ஒப்பந்த வேலையிலோ
தலைமுடியின் இயல்பைக் காரணம் காட்டி
எவரையும் விலக்கக் கூடாது.

கொண்டுவந்தவர் அமலோற்பவம்,
புளியந்தோப்புப் பக்கத்து வார்டு.
"ஆண்டுவிழா நடனத்தில் கடைசி வரிசைக்குத்
தள்ளிவிட்டார்கள் ஏழாம் வகுப்பு நிரோஷாவை.
முடி படியவில்லையாம்.
படிய வேண்டியது முடியா, பிள்ளையா?"

அவையில் சிரிப்பு, என்று எழுதினேன்.

ஓர் உறுப்பினர் எழுந்தார்:
"எண்ணெய் வைத்தால் தீர்கிற விஷயம்."
மேசை தட்டும் ஒலி.
சட்டப்பிரிவு அலுவலர் கேட்டார்:
"சுருட்டைக்கு வரையறை உண்டா?
எத்தனை சுற்று?"

என் பேனா நின்றது.
காலை ஐந்தரைக்கு எழுந்து
பட்டை பட்டையாக இழுத்துச் சூடு வைக்கிறேன்
பதினோரு வருஷமாக.
இடது காதுக்கு மேல் தழும்பு.
கேட்டால் இஸ்திரிப்பெட்டி என்பேன்,
பெரிய பொய்யும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ரிப்பன் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால்
கடல் பக்கமிருந்து ஈரக்காற்று.
சென்ட்ரல் சிக்னல் விழுவதற்குள்
நெற்றியோரம் ஒன்று சுருண்டது,
பின்கழுத்தில் இன்னொன்று.
பையில் கிளிப் இருந்தது.
எடுக்கவில்லை, பஸ் வந்துவிட்டது.

நாளை தட்டச்சு செய்யும்போது
சிரித்தது யார் யார் என்று
பெயரோடு சேர்க்க வேண்டும்.

நானும் சிரித்தேன்.