மைனஸ்

நானூற்றுப் பதினேழாம் அறைச் சுவரில்
எங்களுக்கு முன்பு இருந்த யாரோ
ஒட்டிவிட்டுப் போன தாள்:
உன்னால் முடியும்.
மலையுச்சியில் கைவிரித்து நிற்கும் ஒருவன்,
அவன் தோளுக்குப் பின்னால்
விலைச்சீட்டு மட்டும் இல்லாத சூரியன்.
அக்டோபரில் ஒருநாள் எரிச்சலில் அதைக் கிழித்தேன்.
பின்னால் ஒரு விரிசல்.
உலான்பாத்தரின் காற்று மொத்தமும்
அதன் வழியே உள்ளே வந்தது.
திரும்ப ஒட்டினோம், நான்கு ஓரமும் டேப் போட்டு.
அந்த வாசகம் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

கட்டுப்பாட்டுப் பொறியியல்: முப்பத்தெட்டு.
தேர்ச்சிக்கு அறுபது.
பட்டியலில் ஹுலான் என்று என் பெயர்;
எங்கள் மொழியில் காட்டுக்கழுதை.
புல்வெளியில் எவருக்கும் பிடிபடாத வேகம் என்று
பெருமையாக வைத்தது.
அன்று அதன் பின்பாதி மட்டும் பொருந்தியது.

தம்பி தெமூலென் போனில் கேட்டான்:
"நீ படிப்பை விட்டால் லேப்டாப் எனக்கா?"
"விடமாட்டேன்" என்றேன்.
உறுதியால் அல்ல.
அவனுக்கு அதைக் கொடுக்க மனமில்லாததால்.

செய்முறைத் தேர்வுக்கு நானும் சோல்சாயாவும் எடுத்தது
சின்ன வேலைதான்.
ஒரு பெட்டிக்குள் இருபத்தைந்து டிகிரி நிற்க வேண்டும்;
குளிர்ந்தால் சுருள் எரியட்டும்,
சூடேறினால் அணையட்டும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கெட்டிலும் எங்கள் பெட்டியும் ஒன்றாக ஓடினால்
மாடி முழுக்க இருட்டாகும்,
எதிர் அறையிலிருந்து ஒரு செருப்பு கதவில் வந்து விழும்.
ஆகவே தேநீரைக் கைவிட்டோம்.

முதல் பலகை புகைந்தது.
இரண்டாவதும் அதே இடத்தில் கருகியது.
மூன்றாவதை இயக்கும் முன்பே
ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டோம்;
எங்கள் தன்னம்பிக்கையின் அளவு அவ்வளவு.
சூடேறச் சூடேற
இன்னும் சூடாக்கியது அது.
இருபத்தைந்தைத் தாண்டி, அறுபதைத் தாண்டி,
பிளாஸ்டிக் உருகிய நாற்றம்
போர்வையில் மூன்று நாள் குடியிருந்தது.

சோல்சாயா படுத்துவிட்டாள்.
நான் விழித்திருந்தேன், படிக்கவில்லை.
பயந்தால் தூக்கம் போகும்,
தூக்கம் போனால் பாடம் ஏறாது,
ஏறாத பக்கத்தைப் பார்த்து இன்னும் பயம்.
இதையும் ஒரு சுற்றாக வரைந்திருக்கலாம்.
அப்போது தோன்றவில்லை.

காலைப் பேருந்து.
கண்ணாடியின் உட்புறம் விரற்கடை உறைபனி,
எல்லோர் மூச்சும் சேர்ந்து வளர்த்தது.
நகத்தால் கீறினேன்:
ஒரு முக்கோணம், அதற்கு இரண்டு கால்,
மூக்கிலிருந்து கிளம்பி
வளைந்து திரும்பி வரும் ஒரு கம்பி.
இரண்டு நிறுத்தம் போவதற்குள் மூச்சு அதை மூடியது.
மறுபடி கீறினேன். மறுபடி மூடியது.
மடியில் ஆட்டிறைச்சிப் பை வைத்திருந்த பெண்
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்,
பைத்தியத்துக்குக் காட்டும் மரியாதையோடு.

நான்காவது தடவை
பிளஸ் காலை நோக்கிப் போன நகம்
பாதியில் நின்றது.
இங்கே ஏன் போகிறது?
திரும்பி வருகிறவன் மைனஸ் வாசலில் அல்லவா
கதவைத் தட்ட வேண்டும்.
போதும் என்று சொல்ல வேண்டிய கம்பியை
இன்னும் இன்னும் என்று கத்த விட்டிருக்கிறோம்,
மூன்று பலகையிலும்,
பிசிறில்லாத சால்டரிங்கோடு.

சிரித்துவிட்டேன். சத்தமாகவே.
முப்பத்தெட்டு முப்பத்தெட்டாகவே இருந்தது.
விரல்நுனி மரத்திருந்தது.
இறங்க வேண்டிய இடம் எப்போதோ போயிருந்தது.
இதற்காகத்தான் படிக்கிறேனா என்று கேட்டால்
தெரியாது;
ஆனால் அந்த ஆட்டிறைச்சிப் பெண்ணிடம்கூட
சொல்லிவிடத் துடித்தது வாய்.

சோல்சாயாவை அழைத்தேன்.
ஆறாவது மணியில் எடுத்தாள்.
"மைனஸ்!" என்றேன்,
மூச்சு வாங்க, வேறெதுவும் சொல்ல வராமல்.

"தெரியும், முப்பத்தொன்று.
தொப்பியைப் போட்டுக்கொள்" என்றாள் தூக்கத்தில்,
வைத்துவிட்டாள்.