புள்ளிக்குப் பின்னால்

சோலூர்மட்டம் பஸ்
ஒன்பதாவது வளைவில் முக்கும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடியில் விரலால்
ஒரு குத்துக்கோடு போட்டுப் பார்ப்பேன்.
ஒரே பாதையை மூன்று இடத்தில் வெட்டும்:
கீழே சிமெண்ட் லாரி, நடுவில் நாங்கள்,
தலைக்குமேல் கேரட் ஏற்றிய ஜீப்.
ஒரு கிடைக்கு மூன்று உயரம்.
சார்பு ஆகாது இந்த ரோடு.

தபால்வழிப் பட்டம், இரண்டாம் ஆண்டு.
புத்தகம் சொன்னதை மலை ஒத்துக்கொள்கிறதா என்று
பார்க்கிற கெட்ட பழக்கம்.
வேலை, இலை ஷெட்டில் எடை எழுதுவது.

சார்பு என்ற சொல்லை இங்கே யாருக்கும்
விளக்க வேண்டியதில்லை.
கொழுந்து மழையைச் சார்ந்தது.
விலை குன்னூர் ஏலத்தைச் சார்ந்தது.
ஏலம் எதைச் சார்ந்தது என்றால்
ஏஜென்ட் திலகராஜ் வானத்தைக் காட்டுவார்,
மழைக்கும் அதையே காட்டியவர்.

கிராப் தாளில் எல்லாம் வரும்.
கிலோவும் காசும்: ஆதியிலிருந்து கிளம்பும் நேர்கோடு,
பதினெட்டு ரூபாய்ச் சாய்வு.
சாக்குக் கழிவு: பத்துக் கிலோ போட்டாலும்
நாற்பது போட்டாலும் ஒரு கிலோ;
படுத்தே கிடக்கும் மாறிலி.
ஜூனில் ஏறி, ஜனவரி உறைபனியில் இறங்கி,
மறுபடி ஏறும் விளைச்சல், அது அலை.
கொப்புள நோய் வந்த வாரம்
இரண்டு, நாலு, எட்டு, பதினாறு...
பென்சில் தாளைத் தாண்டி மேசையில் போயிற்று.
உரக்கடையில் நஞ்சப்பன் கடன்,
மாதாமாதம் இருப்பதில் பாதியை அடைக்கிறார்.
தொட்டுவிடும் தொட்டுவிடும் என்று
அச்சுக்கு அருகிலேயே நடக்கிறது கோடு.
மூடுபனிக்குச் சமன்பாடு
நான் இன்னும் தேடவில்லை.

சேர்ந்த முதல் நாள் சொன்னார் ஏஜென்ட்:
"புள்ளிக்குப் பின்னால வர்றத விட்டுடும்மா.
கணக்கு சுத்தமா இருக்கும்."
இருபத்து மூன்று புள்ளி எட்டு: இருபத்து மூன்று.
முப்பத்தொன்று புள்ளி ஒன்பது: முப்பத்தொன்று.
ஒரு வருடம்
சுத்தமாகத்தான் எழுதினேன்.

பதினோராம் பாடம்: மீப்பெரு முழு எண் சார்பு.
வரைந்தால் படிக்கட்டு.
ஒவ்வொரு படிக்கும் இடது முனையில் நிரம்பிய புள்ளி,
வலது முனையில் வெறும் வட்டம்;
அங்கே கால் வைத்தால் படி இல்லை.
உள்ள எடையை மேலே சாய்கோடாகப் போட்டேன்.
கோட்டுக்கும் படிக்கும் நடுவே
முக்கோணம் முக்கோணமாய் மிச்சம்.
ஒவ்வொன்றின் பரப்பும் அரை.
சாக்குக்குச் சராசரி அரைக் கிலோ,
நாளைக்கு நூற்றிருபது சாக்கு,
அறுபது கிலோ,
ஆயிரத்து எண்பது ரூபாய்.
ஞாயிறு தவிர.

அதை ஒளித்து வைக்கத் தோன்றவில்லை.
டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

மாதி அக்கா சாக்கை இறக்கிவிட்டு
ஈரக் கையோடு அதை இழுத்துப் பார்த்தார்.
"இதென்ன, அரவேனு போற குறுக்குப் படியா?"
இல்லக்கா, உங்க எடை.
சொன்னதும்தான் எனக்கே உறைத்தது.
கறை பிடித்த விரல்
முக்கோணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போயிற்று,
தலையில் பேன் பார்ப்பதுபோல.
"இதெல்லாம் யார் வீட்டுக்குப் போச்சு?"

விடைகள் என்று போட்டிருக்கும்
கடைசிப் பக்கங்களில் இது இல்லை.

தராசு அவர் சாக்குக்கு
இருபத்தேழு புள்ளி ஆறு காட்டியது.
இருபத்தேழு எழுதினேன்.
பேனாவை எடுக்கவில்லை.
புள்ளி வைத்தேன்.
ஈரத்தாளில் மை ஊறி அது கொஞ்சம் பருத்தது.
பிறகு ஆறு.

வரிசையில் அடுத்து நின்ற சவரிமுத்து
எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
பழைய சீட்டுகளைத் தேடி
ஸ்வெட்டருக்குள் கைவிட்டார்.

கீழே ஏஜென்ட் ஜீப் ஏறி வரும் சத்தம்.
முதல் வளைவு.
இரண்டாவது.