இடது பெடல்

மிதித்த பெடல் மேலே வரவில்லை.
வாலிநோக்கம் அளத்து வரப்பில்
டிரெய்லர் நிறைய உப்போடு
இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது
எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி.
செக்குமாடு தோற்றது.

"உப்புக்காத்து அரிச்சிருச்சு" என்றான் லோடுமேன் சந்தியாகு.
"வந்த வெலைக்குத் தள்ளிவிடுங்க"
ஏர்வாடி மெக்கானிக் பீர் ஒலி.

முதல் நாள் டீசல் ஊற்றினேன்.
மறுநாளும் டீசல்.
மூன்றாம் நாள் வேலங்கட்டையை அண்டக் கொடுத்து
சுத்தியலால் தட்டினேன்.
அடிக்கவில்லை, தட்டினேன்;
வார்ப்பிரும்புக்குக் கோபம் ஆகாது.

அடியில் படுத்து டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது:
எனக்கு விற்றவன்
பளபளப்புக்காக அடித்த நீலப் பெயின்ட்
கிரீஸ் நிப்பிளையும் மூடியிருந்தது.
நாலு வருஷமாக நான் ஏற்றிய கிரீஸெல்லாம்
வழிந்து வழிந்து
என் சேலைக்குத்தான் போயிருக்கிறது.

கொண்டை ஊசியால் சுரண்டினேன்.
பம்பை வைத்து அழுத்த அழுத்த
துரு வந்தது,
கறுப்பாய் ஏதோ வந்தது,
பிறகு கொஞ்சநேரம் ஒன்றுமே வரவில்லை,
பிறகு
டக்.

முழங்கையில் இடித்து எழுந்தது பெடல்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
யாரைப் பார்த்து என்று தெரியாமல்.

சாயங்காலம்
வேண்டுமென்றே வலப்பக்கம் ஒடித்து
அலை நனைத்த மணல் வரைக்கும் ஓட்டிப்போய்
மிதித்தேன்.

நின்றது.